நெப்டியூன் சுறா: எங்கும் அனுப்ப முடியாத ஆயுதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரெசிடென்ட் ஈவில் என்ற வீடியோ கேமின் முதல் பாகத்தில் தண்ணீருக்குள் துரத்தும் சுறாவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கதை முழுக்க உடைபடும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள், சுறா எங்கும் போய்விடாது. போக முடியாததுதான் அதன் பிரச்சினையே.

நெப்டியூன் என்றால் என்ன?

கேப்காம் நிறுவனம் 1996 மார்ச் மாதம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் கேமில் (ஜப்பானில் இதற்குப் பயோஹசார்ட் என்று பெயர்) வருகிற ஒரு பெரும் வெள்ளைச் சுறா. கதையில் அம்பிரெல்லா என்றொரு மருந்துக் கம்பெனி உண்டு. வெளியே மருந்து, உள்ளே டி-வைரஸ் என்ற கிருமியை வைத்து உயிருள்ள ஆயுதங்கள் தயாரிக்கும் தொழில். அவர்கள் ஒரு சுறாவுக்கு அந்த வைரஸை ஏற்றிப் பார்த்தார்கள். கிடைத்தது நெப்டியூன். ரோமானியர்களின் கடல் கடவுள் பெயர். பெயர் வைப்பதில் மட்டும் அந்தக் கம்பெனி என்றைக்கும் குறை வைத்ததில்லை, நாய்க்கு செர்பெரஸ், சுறாவுக்கு நெப்டியூன்.

கதை நடப்பது 1998 ஜூலை 24 இரவு, அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருப்பதாகச் சொல்லப்படும் ராக்கூன் என்ற கற்பனை நகரத்தை ஒட்டிய ஆர்க்ளே மலைக்காட்டில். இந்த ஊர் விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கேமில் எங்கே வருகிறது?

கேம் தொடங்கும் ஸ்பென்சர் மாளிகையிலிருந்து வெளியே வந்து முற்றத்தைக் கடந்தால் ஒரு தனிக் கட்டடம், ஊழியர்கள் தங்கிய குடியிருப்பு. அதன் அடித்தளத்தில்தான் சுறாவின் தொட்டி. நீங்கள் போகும்போது தொட்டி உடைந்து அடித்தளம் முழுக்கத் தண்ணீர்.

1996 பதிப்பில் அது வெறும் வெள்ளம் புகுந்த நடைபாதைதான். இடுப்பளவு தண்ணீரில், நாம் ஆடும் பாத்திரங்களான கிறிஸோ ஜில்லோ மெதுவாக நடப்பார்கள், எதிரே ஒரு துடுப்பு நீரைக் கிழித்துக்கொண்டு வரும். பெரியது ஒன்று, சின்னது இரண்டு. தண்ணீரை வடித்துவிட்டால் அப்புறம் அவை தரையில் கிடந்து துடிக்கும். அவ்வளவுதான் முழு அத்தியாயமும், ஐந்து நிமிடம் கூட இருக்காது.

2002இல் கேம்கியூபுக்கு வந்த ரீமேக்கில் அந்த இடத்தை அப்படியே பெரிதாக்கி, வட்டமான ஒரு தொட்டி, அதைச் சுற்றி நடைபாதை, ஒரு கட்டுப்பாட்டு அறை என்று தனி லெவல் மாதிரியே ஆக்கிவிட்டார்கள். அங்கே சுறா உங்களைத் துரத்துவதோடு நிற்காமல் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியிலும் வந்து மோதும். தண்ணீரை வடித்து கீழே இறங்கினால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் குட்டைத் தண்ணீரில் அது இன்னும் உயிரோடு கிடக்கும், பக்கத்திலேயே உங்களுக்கு வேண்டிய சாவி. ஒரு மின்கருவியைத் தள்ளித் தண்ணீருக்குள் விட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் கதை முடியும்.

இதைத் தோல்வி என்று ஏன் சொல்கிறோம்? நன்றாகத்தானே கடிக்கிறது?

கடிப்பதில் குறையே இல்லை. ஆனால் கடிப்பதற்கு வைரஸ் எதற்கு? வெள்ளைச் சுறா ஏற்கனவே நன்றாகக் கடிக்கும்.

என் வாதம் இதுதான், மற்ற பதில்களும் இதைச் சுற்றித்தான் வரும்: ஆயுதம் என்றால் எவ்வளவு பலம் என்பது கடைசிக் கேள்வி. முதலில் அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா, கொண்டுபோன இடத்தில் சொன்னதைச் செய்யுமா, வேலை முடிந்ததும் திரும்ப அடைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். நெப்டியூன் மூன்றிலும் பூஜ்யம். மலை உச்சியில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், சிமென்ட் தொட்டிக்குள் வளர்த்த கடல் மிருகத்தை எந்தப் போர்க்களத்துக்கு அனுப்புவீர்கள்? துறைமுகத்தில் விட்டால் எதிரிக் கப்பலுக்கும் சொந்தக் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியுமா? கடலில் விட்டால் திரும்ப வருமா? கூப்பிட்டால் வருவதற்கு அது நாயா?

மூன்றாவதற்குச் சாட்சி கேமிலேயே இருக்கிறது. தொட்டிக்குள் அடைத்து வைத்த சரக்கு தொட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, வளர்த்தவர்கள் குடியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தையே மூழ்கடித்துவிட்டது. போர்க்களம் பார்க்காமலேயே அது செய்த ஒரே சேதம் அதுதான்.

அப்படியானால் அம்பிரெல்லாவே இதைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டதா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கேமின் கடைசிப் பகுதியில், நிலத்தடி ஆய்வுக்கூடத்தில், ஸ்லைடு காட்டும் ஒரு அறை வரும். அவசரத்தில் ஓடுகிறவர்கள் அந்த ஸ்லைடுகளைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதில் கம்பெனியின் உயிரி ஆயுதங்கள் எண்ணோடு வரிசையாக வரும்: எம்ஏ-39 செர்பெரஸ், எஃப்ஐ-03 நெப்டியூன், எம்ஏ-121 ஹன்டர், டி-002 டைரன்ட். எஃப்ஐ என்பது மீனைக் குறிப்பது என்று எளிதாக ஊகிக்கலாம்.

அதாவது யாருக்கோ போட்டுக் காட்டுவதற்காகத் தயாரித்த படவரிசையில் நெப்டியூனுக்கு மரியாதையாக ஒரு இடம். நாய்க்கும் ஹன்டருக்கும் நடுவில், எண், பெயர், படம் எல்லாம் சுத்தமாக. தொட்டியை விட்டு நகர முடியாத ஒன்றை விற்பனைச் சரக்கு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பணம் செலவாகிவிட்டது, அறிக்கையில் ஏறிவிட்டது, இனிமேல் அதைத் தோல்வி என்று யார் வாயால் சொல்வது? இந்த மாதிரி ஒரு ஸ்லைடைத் தயாரித்துக் கொடுத்த அனுபவம் எனக்கும் உண்டு. அதில் சுறா இல்லை, ஆனால் நிலைமை அதேதான்.

அதே படவரிசையில் ஆராய்ச்சியாளர்களோடு நம் அணியின் தலைவர் வெஸ்கர் நிற்கும் படமும் வரும், துரோகி யார் என்பது அங்கேதான் உறுதியாகும். அதனால்தான் சுறா ஸ்லைடு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

நிஜத்தில் வெள்ளைச் சுறாவைத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

கிட்டத்தட்ட முடியாது. இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம், ஏனென்றால் கேம் செய்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, மீன்காட்சியகங்கள் பல ஆண்டுகள் முயன்று தோற்ற ஒரு மிருகத்தைத்தான் பிடித்துத் தொட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

முதல் சிக்கல் மூச்சு. தரையில் படுத்தபடியே செவுள் வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும் சுறாக்கள் உண்டு. வெள்ளைச் சுறாவால் அது முடியாது. முன்னால் நீந்திக்கொண்டே இருந்தால்தான் வாய்க்குள் தண்ணீர் புகுந்து செவுள் வழியாக வெளியேறும், பிராணவாயு கிடைக்கும். நின்றால் மூச்சுத் திணறும். நாள் முழுக்க நேராக நீந்தக்கூடிய மிருகத்தை நான்கு சுவருக்குள் விட்டால் முட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மின்புலம். சுறாவின் மூக்குப் பகுதியில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும், ஜெல் நிரம்பிய நுண்குழாய்களின் வாய்கள் அவை. இரையின் தசை அசையும்போது உண்டாகும் மிக மெல்லிய மின்சாரத்தைக் கூட அவற்றால் உணர முடியும். கடலில் இது வரம். கம்பியும் பம்பும் விளக்கும் சூழ்ந்த தொட்டியில் இதே உணர்வு ஓயாத இரைச்சலாகிவிடலாம் என்பது சுறாக்கள் தொட்டியில் தடுமாறுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

அப்புறம் கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவில் உள்ள மான்டரே பே மீன்காட்சியகம் 2004 செப்டம்பரில் ஒரு பெண் குட்டியைக் கொண்டுவந்து 198 நாள் வைத்திருந்தது. அதற்கு முன் உலகத்தில் எங்கேயும் 16 நாளைத் தாண்டியதில்லை. அந்தக் குட்டி ஒன்றரை மீட்டர் நீளம்தான். வைத்திருந்த தொட்டியோ சுமார் 38 லட்சம் லிட்டர். நன்றாகத் தின்று வளர்ந்தது, கூட இருந்த இரண்டு சுறாக்களைக் கடித்துக் கொன்றது, 2005 மார்ச்சில் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். 2011 வரை மொத்தம் ஆறு குட்டிகளை வைத்துப் பார்த்துவிட்டு அந்த முயற்சியையே நிறுத்திக்கொண்டார்கள். வளர்ந்த சுறா என்றால் இன்னும் மோசம். 2016 ஜனவரியில் ஜப்பானின் ஒகினாவாவில் ஒரு மீன்காட்சியகம் மூன்றரை மீட்டர் நீள ஆண் சுறாவைத் தொட்டியில் விட்டது. மூன்றே நாள்.

இப்போது ராக்கூன் நகரம் எங்கே இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கடல் பக்கத்தில் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், வெறும் 10 லட்சம் லிட்டர் தொட்டிக்கே 35 டன் உப்பு வேண்டும். மலைப்பாதையில் லாரி லாரியாக உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு ரகசிய ஆய்வுக்கூடம்! அந்த ஊரில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை என்பதுதான் கேமில் எனக்கு நம்ப முடியாத ஒரே விஷயம். பிணம் எழுந்து நடப்பதைக் கூட ஒத்துக்கொண்டுவிடலாம்.

நன்னீரில் வாழும் சுறாவை எடுத்திருக்கலாமே?

எடுத்திருக்கலாம். காளைச் சுறா என்றொரு இனம் கடலிலிருந்து ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறிப்போகும், உப்பில்லாத நீரிலும் பிழைக்கும். ஆயுதம் என்று யோசித்தால் அதுதான் புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் படவரிசையில் போட்டுக் காட்ட வெள்ளைச் சுறா மாதிரி வருமா?

வைரஸ் ஏறிய பிறகு நிஜச் சுறாவின் விதிகள் பொருந்துமா?

பொருந்தாது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். செத்தவனை எழுப்பும் வைரஸுக்கு மூச்சு என்ன, உப்பு என்ன. ஆனால் கேமையே கவனித்துப் பாருங்கள்: தண்ணீர் வடிந்ததும் என்ன ஆகிறது? துடிக்கிறது. எழுந்து நடக்கவில்லை, காற்றில் மூச்சு விடவில்லை, ஊர்ந்து உங்களைத் துரத்தவில்லை. தண்ணீருக்கு வெளியே எந்தச் சுறாவுக்கும் நடப்பதுதான் அதற்கும் நடக்கிறது. செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எலும்பே இல்லாத குருத்தெலும்பு உடம்பு தன் எடையாலேயே நசுங்கும். அதாவது அவ்வளவு செலவு செய்து வைரஸை ஏற்றியும் அந்த மிருகத்தின் முதல் பலவீனத்தைக் கூட மாற்ற முடியவில்லை. வடிகுழாய் ஒன்று போதும் அதை வெல்ல.

ரீமேக்கில் அதைக் கொல்வது மின்சாரம் என்பது இன்னும் வேடிக்கை. உலகத்திலேயே மின்சாரத்தை மிகக் கூர்மையாக உணரும் விலங்கினங்களில் ஒன்றை மின்சாரத்தைக் கொடுத்தே முடிக்கிறோம். தண்ணீரில் எதற்கும் மின்சாரம் ஆகாதுதான், இருந்தாலும் இது சுறாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலித்திருக்கும் என்று தோன்றும்.

அந்தச் சின்னச் சுறாக்கள் நெப்டியூனின் குட்டிகளா?

அப்படித்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கும் ஆட்சேபணை இல்லை. நிஜத்தில் பெண் வெள்ளைச் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறக்குறைய 30 ஆண்டு ஆகும் என்று இப்போது கணிக்கிறார்கள். கர்ப்பமும் ஓராண்டுக்குக் குறையாது. அந்த வேகத்தில் சரக்கு தயாரித்தால் முதல் ஆர்டரை முடிப்பதற்குள் வாங்குகிறவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

அம்பிரெல்லாவின் மற்ற மிருகங்கள் மட்டும் வெற்றியா?

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே ஆயுதமாகச் செய்தவை ஒரு பக்கம், வைரஸ் கசிந்ததால் தானாகப் பெருத்தவை இன்னொரு பக்கம். குடியிருப்பின் மேல்தளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பிளான்ட் 42 என்ற செடி இரண்டாவது வகை. அது எந்த இடத்தில் முளைத்ததோ அந்த இடத்தின் எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். அதன் வேரும் கீழே அடித்தளத்தில்தான் தொங்குகிறது. ஒரே கட்டடத்தில் மேலே திட்டமில்லாமல் வந்த செடி, கீழே திட்டம் போட்டு வந்த சுறா. எது ஆளைத் திணறடித்தது என்று கேட்டால் நான் செடி என்றுதான் சொல்வேன்.

முதல் வகையில் செர்பெரஸ் நாய்கள் பரவாயில்லை ரகம். டோபர்மேன் நாய்கள் ஏற்கனவே கூட்டமாக ஓடும், மோப்பம் பிடிக்கும், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாம். வைரஸ் ஏறினதும் உடம்பு அழுகத் தொடங்கும், யாரைக் கடிப்பது என்ற விவரம் போய்விடும், ஆனாலும் இறக்கிவிட்டு ஓடிவிட்டால் வேலை நடக்கும். ஹன்டர்தான் உண்மையான வெற்றி. மனிதக் கருமுட்டையில் ஊர்வனவற்றின் மரபணுவைக் கலந்து, நடக்க, குதிக்க, ஓரளவு சொன்னதைக் கேட்க என்று எல்லாவற்றுக்கும் பழக்கியது. பின்னால் வந்த பாகங்களில் ஹன்டர்கள் வகை வகையாகத் திரும்ப வந்தபடியே இருப்பதற்குக் காரணம் அதுதான். டைரன்ட் என்ற மனித உருவ ராட்சதன் பலத்தில் முதலிடம். ஆனால் கேமுக்கு உள்ள பல முடிவுகளில் பெரும்பாலானவற்றில் அது முதலில் குத்துவது தன்னை எழுப்பிவிட்ட வெஸ்கரைத்தான்.

நிஜ உலகில் யாராவது விலங்கை ஆயுதமாக்கி இப்படி மாட்டிக்கொண்டது உண்டா?

நிறைய உண்டு, அதுவும் அச்சு அசலாக இதே மாதிரி.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவம் நாய்களின் முதுகில் வெடிகுண்டு கட்டி, எதிரி டாங்கியின் அடியில் போய் நிற்கப் பழக்கியது. பழக்கியது தங்களிடம் இருந்த டாங்கிகளை வைத்து, அவை டீசலில் ஓடுபவை, பயிற்சியில் பெரும்பாலும் அசையாமல் நின்றவை. போர்க்களத்தில் ஜெர்மன் டாங்கிகள் பெட்ரோலில், சுட்டுக்கொண்டே ஓடின. நாய்களில் பல மிரண்டு திரும்பி ஓடி வந்தன, பழகின வாசனையைத் தேடிச் சொந்த டாங்கிகளின் அடியிலும் போய்ப் படுத்தன. நாய் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் செய்தது.

அதே போரில் அமெரிக்கா வௌவால் குண்டு செய்து பார்த்தது. ஒரு பல் மருத்துவர் கொடுத்த யோசனை. சின்னச் சின்ன தீக்குண்டுகளை வௌவால்களில் கட்டி ஜப்பானிய நகரங்களின் மேல் விட்டால், மரவீடுகளின் கூரை இடுக்குகளில் போய் ஒண்டிக்கொள்ளும், பிறகு ஒரே நேரத்தில் பற்றி எரியும். 1943இல் நியூ மெக்சிகோவில் சோதனையின்போது சில வௌவால்கள் தப்பித்து, அங்கிருந்த ராணுவ விமானத் தளத்தின் கட்டடங்களுக்கே தீ வைத்துவிட்டன. ஒரு வகையில் ஆயுதம் வேலை செய்கிறது என்று நிரூபணம் ஆனது! 1944இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

யானையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கி.மு. 207இல் இத்தாலியில் மெடாரஸ் ஆற்றங்கரையில் ரோமானியர்களோடு நடந்த போரில், கார்த்தேஜ் படையின் பாகர்கள் ஆளுக்கொரு உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள். யானை மிரண்டு சொந்தப் படையை மிதிக்கத் தொடங்கினால் கழுத்துச் சந்தில் உளியை வைத்து ஒரே அடி. எதிரி கொன்றதை விடப் பாகர்கள் கொன்ற யானைகள்தான் அதிகம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். அம்பிரெல்லாவின் விஞ்ஞானிகள் வரலாறு படித்திருந்தால் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மின்கருவியை முதல் நாளே தயாராக வைத்திருப்பார்கள்.

சுறாவையே யாராவது முயன்றார்களா?

சிறிய அளவில். 2006இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி முகமையான டார்ப்பாவின் பண உதவியோடு, சின்ன ரகச் சுறாக்களின் மூளையில் வாசனையை உணரும் பகுதியில் மின்முனைகளைப் பதித்துப் பார்த்தது செய்தியானது. இல்லாத வாசனை ஒன்று இடதுபக்கமோ வலதுபக்கமோ இருப்பது போல் தூண்டினால் சுறா அந்தப் பக்கம் திரும்பும். திருப்ப முடிந்தது, அதுவரை சரி. யாரைக் கடி, யாரை விடு என்று சொல்வது வேறு கதை.

கடலில் உண்மையாகவே வேலைக்கு ஆனது டால்பினும் கடல் சிங்கமும்தான். அமெரிக்கக் கடற்படை 1960 வாக்கில் டால்பின்களோடு தொடங்கியது, 2003இல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் கண்ணிவெடி தேடும் வேலையில் கூட அவற்றைப் பயன்படுத்தியது. அவை கடிக்கப் போகவில்லை, தேடிக் கண்டுபிடித்துத் திரும்பி வந்து மீன் வாங்கித் தின்றன. அந்தத் திரும்பி வருவதுதான் முழு வித்தையும்.

கேமில் இதைத் தாண்டுவது எப்படி?

சுடாதீர்கள். முதல்முறை ஆடும்போது கையிலிருந்த புல்லட் பாதியை அந்தத் துடுப்பின் மீது காலி செய்துவிட்டு, மேலே செடியிடம் வெறுங்கையாகப் போய் நின்றவன் சொல்கிறேன். இரண்டு பதிப்பிலும் அது சண்டை இல்லை, வழி கண்டுபிடிக்கும் பசில்தான். பழைய பதிப்பில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு தண்ணீரில் இறங்குங்கள், இறங்கின பிறகு யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ரீமேக்கில் துடுப்பு தெரிந்ததும் கட்டுப்பாட்டு அறைக்கு ஓட்டம். கண்ணாடியில் அது மோதும்போது பதற்றப்படாமல் வடிகால் வேலையை முடியுங்கள். கீழே இறங்கின பிறகு, செத்துவிட்டது போலக் கிடக்கிறதே என்று சாவியை எடுக்க நேராகப் போகாதீர்கள். முதலில் மின்சாரம், அப்புறம் சாவி.

உள்ளே போவதற்கு முன் சேவ் செய்துகொள்வது நல்லது. டைப்ரைட்டர் நாடா (ஒவ்வொரு சேவுக்கும் ஒன்று செலவாகும்) வீணாகிறதே என்று கணக்குப் பார்த்தவர்கள் எல்லாம் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

எந்தப் பதிப்பில் பயம் அதிகம்?

ரீமேக் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரீமேக்கில் சுறா பெரியது, அழகானது, ஒலி அட்டகாசம், கண்ணாடி விரிசல் விடும் காட்சியில் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அங்கே அது ஒரு பாஸ் (கேம்களில் வரும் பெரிய எதிரி) மாதிரி அறிமுகமாகிறது. பெரிய மேடை, பெரிய மிருகம் என்றதும் மனது தயாராகிவிடுகிறது.

பழையதில் அந்தத் தயாரிப்பு எதுவும் கிடையாது. ஏணியில் இறங்குகிறீர்கள், தண்ணீர் தேங்கியிருக்கிறது, குழாய் உடைந்திருக்கும் போல என்று நினைத்து நடக்கிறீர்கள். கேமரா அசையாமல் ஒரு மூலையிலிருந்து பார்க்கிறது. உங்கள் ஆள் திரையின் ஓரத்தை நெருங்கும்வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. காட்சி மாறுகிற அந்த நொடியில் துடுப்பு ஏற்கனவே பாதி தூரம் வந்துவிட்டிருக்கும். பொம்மை மாதிரி கட்டம் கட்டமான சுறாதான், இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் மாளிகைக்குள் இவ்வளவு நேரம் பிணமும் நாயும் பார்த்துப் பழகின கண்ணுக்கு, மலைமேல் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சுறா என்பது எந்தக் கணக்கிலும் சேராத பயம். இங்கே இது எதற்கு இருக்கிறது என்ற கேள்விதான் பல்லை விட அதிகமாக உறுத்துகிறது.

நான்காம் பாகத்தில் வரும் ஏரி மிருகம் இதன் சொந்தமா?

இல்லை. 2005இல் வந்த நான்காம் பாகத்தின் டெல் லாகோ ஒரு ராட்சத சாலமாண்டர், வைரஸ் கிடையாது, லாஸ் பிளாகாஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை. படகில் நின்று ஈட்டி எறிந்து கொல்ல வேண்டும். விளையாட்டாகப் பார்த்தால் அது நெப்டியூனை விடப் பலமடங்கு நல்ல சண்டை.

தோல்வி என்று தெரிந்தும் ஏன் அழிக்காமல் வைத்திருந்தார்கள்?

அழித்தால் அதற்கும் ஒரு அறிக்கை எழுத வேண்டுமே. என் ஊகம் அவ்வளவுதான். தொட்டிக்குள் விட்டாயிற்று, வெளியே எடுக்க வழியில்லை, கொல்லச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வராமல் யாரும் கை வைக்க மாட்டார்கள், தினமும் யாரோ ஒருவர் இறங்கி வந்து தீனி போட்டுவிட்டு ஏறிப் போயிருப்பார். 1998 மே மாதம் ஆய்வுக்கூடத்தில் வைரஸ் கசிந்தது, ஆட்கள் ஒவ்வொருவராகத் தொற்றுக்குள்ளானார்கள், தீனி போடுகிறவரும் ஒருநாள் வராமல் போயிருப்பார். ஜூலையில் நீங்கள் ஏணியில் இறங்கும்போது எதிரே வேகமாக வருகிற அந்தத் துடுப்பை இந்தக் கணக்கோடு ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதமாக மேலிருந்து யாராவது இறங்கி வருவார்களா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.